புள்ளைய நிறுத்த வேண்டாம், அண்ணாச்சி

நேற்று கீழமாசி வீதியில், மூட்டை இறங்கும் சத்தத்துக்கு நடுவே கேட்டீர்கள்: "மக பிஎச்.டி. சேர்ந்து மூணு வருஷம் ஓடிப்போச்சு. புள்ள என்ன படிக்குதுன்னே புரியல. நிறுத்திட்டு ஐ.டி. வேலைக்குப் போகச் சொல்லட்டுமா?" வேண்டாம், அண்ணாச்சி. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன்.

பத்து லட்சம் வியாபாரிகள் இருக்கிறார்கள். யாருக்கு யாரோடு கொடுக்கல் வாங்கல் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறோம் என்று வையுங்கள். ஆளுக்குச் சராசரியாக ஒரு தொடர்புகூட இல்லையென்றால் எல்லோரும் சின்னச் சின்னக் கூட்டமாகச் சிதறிக் கிடப்பார்கள். சராசரி ஒன்றைத் தாண்டியதும் ஒரே ஒரு பெருங்கூட்டம் திரண்டுவிடும். எர்டோஷ், ரெனி என்ற ஹங்கேரியக் கணிதர்கள் 1960இல் காட்டியது இது. தொற்றுநோய் சில தெருக்களோடு அடங்குமா, ஊரையே வளைக்குமா என்ற கேள்விக்கும் இதே கணக்குத்தான் அடிப்படை. ஆட்களும் தொடர்புகளும் பின்னிய இவ்வளவு பெரிய வலையை முழுதாகப் பார்க்காமல், அங்கங்கே தொட்டுப் பார்த்தே விடை சொல்லும் வழிமுறைகளைத்தான் உங்கள் மகள் தேடுகிறாள். சென்னையில் பிறந்து 2007இல் கணிதத்துக்கான ஆபெல் பரிசு வாங்கிய எஸ்.ஆர்.எஸ். வரதனும் இந்த வலைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர்கள் இறங்கிய துறை இது.

பணத்துக்கு வருவோம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. உங்கள் கல்லாவில் அவள் கை வைக்கவில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. நிரூபணம் மட்டும் எழுதினால் கல்லூரி, ஆராய்ச்சி நிறுவனம் பக்கம்தான் வழி. நிரந்தர வேலை கிடைக்கத் தாமதமாகும். நடுவில் இரண்டு மூன்று வருஷம் வெளியூரோ வெளிநாடோ போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்தபின் செய்யும் தற்காலிக ஆராய்ச்சி வேலைக்கு, போக வேண்டியிருக்கலாம். கல்யாணப் பேச்சை எடுக்கும் முன் இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். அதே வழிமுறையைப் பைத்தான், சி++ மாதிரி கம்ப்யூட்டர் மொழியில் எழுதி, நிஜத் தரவில் ஓட்டிக் காட்டினால் கம்பெனிகளும் கூப்பிடும். வங்கிப் பரிவர்த்தனையில் மோசடிக் கும்பலைப் பிடிப்பதும் வலையை அலசுகிற வேலைதானே. நாலாம் வருஷத்துக்குள் ஒரு இன்டர்ன்ஷிப் செய்துவிடட்டும். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

"எப்பம்மா முடிப்ப?" என்று போனில் கேட்பதை மட்டும் நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்கு அவளிடமே விடை இருக்காது, ராத்திரித் தூக்கம்தான் போகும். ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினார், கட்டுரை ஏதாவது அனுப்பியிருக்கிறாளா என்று கேளுங்கள். மாதக்கணக்கில் கைடைப் பார்க்கவே முடியவில்லை என்றால் உடனே என்னிடம் அழைத்து வாருங்கள். கைடை மாற்ற முறை இருக்கிறது. மனு எழுத நான் கூட இருக்கிறேன்.