குரங்கு, தேவாங்கு, மனிதன் மூன்றையும் விலங்கியலில் ஒரே வரிசையில் (ஒரே பெரும் பிரிவில்) வைக்கிறார்களே, அப்படி என்ன ஒற்றுமை?

முதலில் கையைப் பாருங்கள். அழகர்கோவில் மலைப்பாதையில் ஒரு முறை வாழைப்பழப் பையைக் குரங்கிடம் பறிகொடுத்தேன். கிழித்துப் போடும் என்று பார்த்தால், நிதானமாக உட்கார்ந்து, முடிச்சின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அவிழ்த்தது. நாய்க்கும் பூனைக்கும் இது வராது. பற்றிப் பிடிக்கும் விரல்கள், கூர்நகத்துக்குப் பதில் தட்டை நகம், விரல் நுனியில் ரேகை. முதனிகள் எனப்படும் பிரைமேட் வரிசைக்கு முக்கியமான அடையாளங்கள் இவை.

தேவாங்கு கால் கிலோதான் இருக்கும். ஆனாலும் கிளையைப் பிடித்தால் மணிக்கணக்கில் விடாது. அதற்கும் தட்டை நகம்தான். காலின் இரண்டாவது விரலில் மட்டும் சொறிந்துகொள்ள ஒரு கூர்நகம். 2022 இல் தேவாங்குக்காகவே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் வந்தது. தேவாங்கின் இரண்டு கண்ணும் நம்மைப் போல முன்னால் பார்ப்பவை. அப்படி இருந்தால்தான் இருட்டில் பூச்சி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணித்துப் பிடிக்க முடியும்.

ஒரே ஓர் அடையாளத்தை நம்பினால் வம்பு. 1758 இல், உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இந்த வரிசைக்குப் பெயர் வைத்தபோது, நெஞ்சில் இரண்டு முலை இருக்கிறதே என்று வௌவாலையும் உள்ளே சேர்த்துவிட்டார்!

அப்புறம் குட்டி வளர்ப்பு. எலி ஒரே ஈற்றில் ஏழெட்டுக் குட்டி போடும். குரங்குக்கு பெரும்பாலும் ஒன்றுதான். அது தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டே வளரும். வைணவத்தில் மர்க்கட (குரங்கு) நியாயம் என்பார்களே, குட்டி தாயைப் பிடிப்பதுபோல் பக்தன்தான் கடவுளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று, அது இதைப் பார்த்து வந்ததுதான். தேவாங்கு கொஞ்சம் வேறு மாதிரி: இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையில் விட்டுவிட்டுப் போய்விடும்.

குணத்தில் எனக்குப் பிடித்தது பேன் பார்ப்பது. பேன் ஒரு சாக்கு. உறவைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை அது. கூட்டத்தில் கீழ்நிலையில் இருக்கும் பெண்குரங்கு மேல்நிலையில் இருப்பதற்கு விழுந்து விழுந்து பேன் பார்க்கும். எங்கள் ஆபீசிலும் பார்த்திருக்கிறேன். தேவாங்கு இரவில் தனியாகத்தான் திரியும். ஆனால் பகலில் இரண்டு மூன்றாக ஒட்டி உருண்டு தூங்கும். பொழுது சாய்ந்ததும் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பிரிந்து போகும்.