விற்காதவர் பாடு

கேள்வி: விற்கிறவருக்கும் சம்மதம், வாங்குகிறவருக்கும் சம்மதம். நடுவில் புகுந்து ‘இதை விற்கலாம், அதை விற்கக் கூடாது’ என்று சொல்லத் தத்துவப் பேராசிரியர்கள் யார்? இதற்கு ஓர் ஆயுள்கால ஆராய்ச்சி, சம்பளம் வேறா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: சம்பளத்தைக் கொடுக்கிறவர்களிடம் கேளுங்கள். வேலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

டெப்ரா சாட்ஸ் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். நியூயார்க் சிட்டி காலேஜில் படித்து, எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, ஸ்டான்ஃபோர்டில் தத்துவப் பேராசிரியரானார். சந்தை என்றாலே முகம் சுளிக்கிற ரகம் அல்ல. உங்கள் ஊர்ப் பஞ்சு வியாபாரத்தில் அவர் தலையிட மாட்டார். 2010இல் வெளிவந்த அவருடைய நூல் சில வியாபாரங்களை மட்டும் நிறுத்தி வைத்து விசாரிக்கிறது. எதை விற்கிறோம் என்று விற்கிறவருக்கு முழுதாகத் தெரியுமா? வேறு வழியே இல்லாமல் வந்து நிற்கிறாரா? பேரம் முடிந்தபின் அவர் கதி என்ன, ஊர் கதி என்ன?

அவர் எடுத்துக்கொண்ட வியாபாரங்களில் ஒன்று சிறுநீரகம். அது நமக்கும் தெரிந்த கதைதான். வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்த ஓர் ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. அவர்களில் 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகும் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குக் கடன் நின்றது. குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. பேசிய தொகைகூட முழுதாகக் கைக்கு வரவில்லை. நல்ல சம்மதம்!

‘அது அவரவர் தலையெழுத்து’ என்று நீங்கள் சொல்லக்கூடும். சாட்ஸ் விற்காதவரையும் கணக்கில் சேர்க்கிறார். ஒரு தெருவில் நாலு பேர் கிட்னி விற்றுவிட்டால், வட்டிக்காரரின் கண்ணுக்கு அதுவும் அடமானப் பொருள் ஆகிவிடுகிறது. நேற்றுவரை அண்டா, மூக்குத்தி என்று கணக்குப் போட்டவர் இன்று ஆளையே எடை போடுகிறார். விற்க மாட்டேன் என்கிற பெண்ணுக்குக் கடன் கிடைப்பதே கடினம். வாங்கிய கடனுக்கோ நெருக்கடி கூடுகிறது. பேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பங்கில்லை, காசும் வரவில்லை. அவரிடம் யார் சம்மதம் கேட்டார்கள் சார்?