ஒன்றரை ஷிப்டும் பி.காமும்

அம்மா, வணக்கம். "என் மகன் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு, ஒரு பேப்பர்கூட எழுதலை, சோம்பேறி ஆயிட்டானோ" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா. காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிற பையனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனசு வராது. இந்தப் படிப்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சேரும்போது அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கேதான் பிசகு.

அந்தக் கணக்கை இப்போது போட்டுவிடலாம். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 3,600 மணி. மூன்றே வருடத்தில் முடிக்க வாரம் 23 மணி நேரம் வேண்டும். தம்பிக்குக் கிடைப்பதோ வாரத்தில் ஆறு நாள் காலையில் முக்கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம். கூட்டினால் எட்டரை மணி நேரம். மீதியை ராத்திரித் தூக்கத்தில் பிடுங்கப் பார்க்கிறான், அதுவும் முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு டீ போட்டுக் கொடுத்து எழுப்பி உட்கார வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் செய்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் படித்தது காலையில் நினைவில் நிற்காது.

வேலையை விடச் சொல்லவா என்றும் கேட்கிறீர்கள். அப்பாவின் வைத்தியக் கடன் இருக்கும்போது அது வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அந்த அரை ஷிப்டை விட்டுவிட்டு ஐந்தரைக்கே வந்துவிட முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் சம்பளம் குறையும், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் படிப்புக்கு ஐந்து மணி நேரம் கூடும். வாரம் பதிமூன்றரை மணி நேரம் என்றால் சுமார் ஐந்து வருடத்தில் டிகிரி கையில் இருக்கும். இக்னோ ஆறு வருடம் வரை அவகாசம் தருகிறது, அதனால் பயப்பட வேண்டாம். இரண்டாம், மூன்றாம் வருடக் கட்டணத்தை மட்டும் தேதி தவறாமல் கட்டிவிட வேண்டும்.

பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும் வரும். எல்லாப் பேப்பருக்கும் ஒரே தடவையில் விண்ணப்பிக்க வேண்டாம், இரண்டு போதும். முதலில் கணக்குப்பதிவியல். தம்பி ஸ்டோரில் நூல், பட்டன், லேபிள் வரவு செலவு எழுதுகிறவன். சரக்கு இருப்பு, கொள்முதல் என்று புத்தகத்தில் வருவதெல்லாம் அவன் தினமும் கையால் செய்கிற வேலைதான். அசைன்மெண்டுக்கு 30 சதவீத மதிப்பெண் இருக்கிறது. தீபாவளிக்குக் கம்பெனி மூடும் நாட்களில் இரண்டு அசைன்மெண்டையும் எழுதி முடித்துவிடலாம்.

என்னிடம் வந்த ஒரு பெண், நூற்பாலையில் வேலை பார்த்தவள், தடித்த புத்தகத்தைப் பாடம் பாடமாகக் கிழித்து ஸ்டேப்ளர் போட்டு, ஒரு பாடத்தை மட்டும் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொள்வாள். பஸ் வரும்வரை இரண்டு பக்கம் படிப்பாள். முதலில் எனக்கே புத்தகத்தைக் கிழிக்கிறாளே என்று இருந்தது. அப்புறம் எல்லோருக்கும் அதையே சொல்ல ஆரம்பித்தேன்.

இன்னொன்று. "ஒரே வருஷத்தில் டிகிரி" என்று போன் செய்கிறவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள். யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த தொலைநிலைப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் யுஜிசியே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டுச் சேர்ந்திருப்பதால் பின்னாளில் டிஎன்பிஎஸ்சி எழுதவும் இந்தப் பட்டம் உதவும்.

இந்த மாதம் முழுக்க, கிழிக்கிற தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவன் எத்தனை மணிக்குப் படுத்தான், எவ்வளவு நேரம் படித்தான் என்று குறித்து வையுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். எந்த இரண்டு நாள் சீக்கிரம் வருவது என்று சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யலாம்.