வலைக்கும் ஒரு பங்கு

கேள்வி: ஐயா, உவர்மலையில் நாலு பெடியன்களை வைத்து, விடுதிகளுக்கும் ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கிறேன். லினக்ஸ் இயங்குதளம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்று அடியில் கிடப்பதெல்லாம் இலவசமாக எடுத்தவைதான். இப்போது என் பெடியன் ஒருவன், இலாபத்தில் கொஞ்சத்தை இவற்றை எழுதியவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்கிறான். 'எடுத்துக்கொள்' என்று வைத்தவர்களுக்கு எதற்குக் காசு? அப்பா கரைவலைச் சம்மாட்டி. கேட்டால் சிரிப்பார்.
— வாசகர், திருக்கடலூர்

பதில்: அப்பா சிரிக்க மாட்டார், தம்பி. மீன் விற்ற காசைப் பிரிக்கும்போது வலைக்கும் தோணிக்கும் பங்கு எடுத்து வைப்பது ஏன் என்று அவரிடமே கேளுங்கள். வலை ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை.

சட்டப்படி நீங்கள் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. எவரும் பார்க்கலாம், பாவிக்கலாம், திருத்தலாம் என்ற 'திறந்த மூல' உரிமத்தை எழுதியவர் தெரிந்தேதான் போட்டார். ஆகவே நன்றி, தருமம் என்ற கதையை விடுவோம். கோணேசர் கோயில் உண்டியல் வேறு, இது வேறு. வலை கிழிந்தால் பொத்துவதற்குக் கரையில் ஆள் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

2014 இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளிவந்தது. உலகத்துச் சேர்வர்களில் பெரும்பகுதி இரகசியம் காக்க நம்பியிருந்த சாமான் அது. அதற்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டொலர். முழுநேரமாக இருந்தவர் ஒருவர். ஓட்டை தெரிந்த பிறகுதான் கூகுளும் மைக்ரோசொப்டும் பேஸ்புக்கும் சேர்ந்து பணம் போட்டன.

எனக்கு அதைவிட எக்ஸ்இசெட் கதைதான் உறைத்தது. கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள், அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். லாஸ்ஸே கொலின் என்பவர் ஓய்வு நேரத்தில், கூலியில்லாமல் பார்த்துவந்தார். 2022 இல், ஏன் இவ்வளவு மந்தம் என்று சிலர் மின்னஞ்சலில் நெருக்கினார்கள். மனநிலை சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பதில் எழுதினார். அந்த நேரத்தில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் கைகொடுக்க வந்தார். மெல்ல மெல்லப் பொறுப்பை வாங்கினார். 2024 இல், பிறர் சேர்வர்களுக்குள் களவாக நுழைய உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்தார்.

அதைப் பிடித்தவர் அண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். சேர்வருக்குள் நுழைய வழமையைவிட அரைச் செக்கன் கூட எடுக்கிறதே என்று தோண்டப்போய், அந்த மார்ச் மாதமே கண்டுபிடித்தார். ஆள் யாரென்று நினைக்கிறீர்கள்? நீங்கள் பாவிக்கும் அதே போஸ்ட்கிரெஸை எழுதுகிறவர்களில் ஒருவர், மைக்ரோசொப்ட் சம்பளத்தில். ஏமாந்தவருக்குச் சம்பளம் இல்லை. பிடித்தவருக்கு இருந்தது, அரைச் செக்கனுக்குப் பின்னால் ஓட நேரமும் இருந்தது.

நெருக்குவது பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை, இணையத்தில் எங்கும் வாசிக்கக்கூடிய யுனிகோட் ஆக்கும் சின்ன மாற்றி ஒன்றை எழுதி இலவசமாகப் போட்டிருந்தேன். பாமினியில் ஔகாரத்தின் வாலுக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. அதனால் 'நிலாவெளி' என்று அடித்தால் என் மாற்றி 'நிலாவௌி' என்று துப்பும். 2022 இல், மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில், கொழும்பு நிறுவனம் ஒன்றின் மின்னஞ்சல்: ஹோட்டல் தளத்தில் ஊர்ப்பெயர் உடைகிறது, இன்றிரவே திருத்தவும். 'தயவுசெய்து' கூட இல்லை. அவர்கள் என் மாற்றியைப் பாவிப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கோபத்தில் இரண்டு நாள் கிடக்கவிட்டு, பிறகு பற்றரி செத்துக்கொண்டிருந்த மடிக்கணனியில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒட்டுப் போட்டேன். நன்றி வரவில்லை. அடுத்த மாதம் 'உப்புவெளி' உடைகிறதென்று வந்தது.

சரி, எவ்வளவு? திறந்த மூல மென்பொருள் எழுதுபவர்களுக்குப் பணம் கொடுப்போம் என்று கம்பனிகள் உறுதி சொல்லும் 'ஓபன் சோர்ஸ் பிளெட்ஜ்' என்ற ஏற்பாடு 2024 இல் தொடங்கியது. அதில், மென்பொருள் எழுதும் ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2,000 டொலர் என்று கணக்கு. உங்கள் நாலு பேருக்கு 8,000. ஐஸ் தொழிற்சாலை தருகிற காசில் அது கட்டாது. அது பெரிய கம்பனிகளுக்கான அளவு, அவர்கள் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காதவர்கள்தான் நடுச்சாமத்தில் மின்னஞ்சலும் எழுதுவார்கள்.

நீங்கள் லினக்ஸுக்கு அனுப்பத் தேவையில்லை. இன்டெல், கூகுள் சம்பளக்காரர்களே அதை நிறைய எழுதுகிறார்கள். நீங்கள் பாவிப்பவற்றில் எது ஒற்றை ஆளின் தலையில் நிற்கிறது என்று அந்தப் பெடியனிடம் பட்டியல் கேளுங்கள். அதில் ஒன்றைப் பிடித்து மாதாமாதம் சின்னத் தொகை அனுப்புங்கள், விடாமல். மற்றது, வெள்ளி பின்னேரத்தில் அவனுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுங்கள். கண்ட பிழைகளை ஒழுங்காக எழுதி அனுப்பட்டும். எனக்கு ஒருவரும் அதைக்கூடச் செய்யவில்லை.

கேள்வி: இலங்கையில் பிறந்து வெளியே போன திறந்த மூல மென்பொருள் ஏதும் உண்டா சேர்?
— மாணவி, மூதூர்

பதில்: உண்டு மகள், சஹானா. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரண அமைப்புகளையும் பதிவுசெய்ய இங்குள்ள தொண்டர்கள் எழுதியது. பெயர் சிங்களத்தில் 'நிவாரணம்'. 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010 ஹெயிட்டிக்கும் போனது. உங்கள் ஊரில் அந்தக் காலை எப்படி இருந்தது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். ஏன் அவ்வளவு அவசரமாக எழுதினார்கள் என்று அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.