இங்கிலாந்தின் உள்ளூர் ரக்பி கிளப்பில் ஒரே ஓர் அணிதான் இருக்குமா?

இல்லை, பல அணிகள் இருக்கும். தென்கிழக்கு லண்டனின் பிளாக்ஹீத் கிளப் 1858இல் தொடங்கியது. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதைத் தடை செய்ய முனைந்தார்கள் என்பதற்காக 1863இல் கால்பந்துச் சங்கத்தையே உதறிவிட்டு வெளியேறிய கிளப் அது. என்ன பிடிவாதம்! 1871இல் இங்கிலாந்தில் ரக்பியை நிர்வகிக்கும் அமைப்பான ரக்பி யூனியனை நிறுவிய கிளப்புகளில் அதுவும் ஒன்று.

இத்தகைய கிளப்புகளில் பதினைந்து பேர் கொண்ட முதல் அணி பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகலில் லீக் ஆட்டம் ஆடும். இரண்டாம் அணி, பெண்கள் அணி, மூத்தோர் அணி எல்லாம் தனி. ஞாயிறு காலை மைதானம் சிறுவர்களுடையது. ஏழு வயதுக்குட்பட்டோர் ஆளைப் பிடித்து வீழ்த்தக் கூடாது. பந்து வைத்திருப்பவரின் இடுப்புப் பட்டையில் தொங்கும் இரண்டு நாடாக்களில் ஒன்றைப் பறித்தால் போதும், அவர் பந்தைத் தன் அணியினரிடம் கைமாற்றிவிட வேண்டும். ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் வீழ்த்தும் ஆட்டம் தொடங்குகிறது. பயிற்சி அளிப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோரே.