முழு ஊசியும் போட்டவரை நாய் திரும்பக் கடித்தால் மறுபடி ஊசி வேணுமா?

இரண்டு வருடத்துக்கு முன் விசர்நாய்க்கடி ஊசி எல்லாம் போட்டு முடித்தவர், நேற்று தெருநாய் கடித்துவிட்டது, திரும்பப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகத்தான் வேண்டும். ஆனால் முதல் தடவை மாதிரி நீளாது, இரண்டே முறைதான். காயத்தை இன்னும் சவர்க்காரம் போட்டுக் கழுவவில்லை என்றால் போனை வைத்துவிட்டு முதலில் பைப்படிக்குப் போங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

எனக்கும் இதேதான் நடந்தது. 2017இல் ஒரு நாய் கையைக் கடித்து, நாலு முறை போய் முழு ஊசியும் போட்டிருந்தேன். 2023இல் வெள்ளவத்தையில் மீன் வாங்கிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது, குட்டி போட்டிருந்த நாய் ஒன்று சத்தமில்லாமல் பின்னால் வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. காற்சட்டை கிழியவில்லை. பல் படவில்லை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சுருட்டிப் பார்த்தால் இரண்டு சிறு புள்ளிகள், ஒன்றிலிருந்து இரத்தம் சொக்ஸ் வரை இறங்கியிருந்தது. துணியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தோலைப் பாருங்கள். நகக் கீறலும், வெடிப்புள்ள தோலில் நாய் நக்கியதும்கூட இதே கணக்குத்தான்.

ஓடும் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் மூன்று நிமிடத்திலேயே போதும் போல் இருக்கும். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது, சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். நான் கழுவிக்கொண்டிருக்கும்போதே மாமி கோப்பித்தூள் போத்தலோடு வந்து நின்றார், பாவம், பதற்றத்தில். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

மேல்மாடி அங்கிள்தான் சொன்னார், "தம்பி, உமக்குப் போனமுறையே எல்லா ஊசியும் போட்டாச்சுத்தானே, இனி என்னத்துக்குப் போய் லைன்ல நிக்கிறீர்?" அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இந்தப் பேச்சை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. முன்பு போட்ட ஊசியால் இரத்தத்தில் வந்த எதிர்ப்புச் சக்தி காலப்போக்கில் குறையும். அழியாமல் இருப்பது அதன் ஞாபகம்தான். புது ஊசி அந்த ஞாபகத்தைத் தட்டி எழுப்பினால் உடம்பு சில நாளிலேயே பழைய பலத்துக்கு வந்துவிடும். இந்த நோய்க்குறி தொடங்கிய பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. 1973இல் இலங்கையில் இதனால் 377 பேர் இறந்தார்கள். இன்றைக்கு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததற்கு நாய்களுக்குப் போடும் ஊசியும், கடிபட்டவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கும் ஊசியும்தான் காரணம்.

ஏற்கெனவே முழுதாகப் போட்டவருக்கு போகிற நாளில் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை. திங்கள் தொடங்கினால் அடுத்தது வியாழன். தோலுக்குள் மிகக் கொஞ்சமாக ஏற்றுவார்கள், உளுந்தளவு வெள்ளையாகப் பொங்கி அரை மணித்தியாலத்தில் அமர்ந்துவிடும். வயிற்றில் 14 ஊசி என்று அம்மம்மா காலத்துக் கதை சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை விடுங்கள். காயத்தைச் சுற்றிப் போடுகிற சீரமும் உங்களுக்குத் தேவையில்லை. அது ஊசியே போடாதவருக்கு, உடம்பு விழித்தெழும்வரை காவலுக்குப் போடுவது.

இதெல்லாம் முன்பு ஊசி போட்ட திகதிகள் எழுதிய பழைய ஆஸ்பத்திரித் துண்டு உங்கள் கையில் இருந்தால்தான். எனக்கு அது பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கும் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது, நாலாய் மடித்து, மை மங்கி, ஆனால் நாலு திகதியும் வாசிக்கக்கூடியதாக. மிஸ்ஸி (தாதி) முதலில் கேட்டதே அதைத்தான். எத்தனை ஊசி போட்டது என்று எழுத்தில் காட்ட முடியாவிட்டால், அல்லது இடையில் விட்டிருந்தால், புதிதாகக் கடிபட்டவராகவே வைத்துத் தொடங்குவார்கள். அது உங்கள் பாதுகாப்புக்குத்தான், சண்டை பிடிக்காதீர்கள்.

கான்சர் மருந்து, ஸ்டீரொயிட், உறுப்பு மாற்றம், எச்.ஐ.வி போன்றவை இருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அப்படிப்பட்டவர்களுக்கு இந்த இரண்டு ஊசிக் கணக்குப் பொருந்தாது. முழு ஊசியும் முடித்து மூன்று மாதம்கூட ஆகாதவருக்குக் கழுவினால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதையும் டொக்டரே சொல்லட்டும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி வேணுமா என்றும் கேளுங்கள்.

கொழும்பில் பெரியவர்கள் தேசிய வைத்தியசாலைக்கோ களுபோவிலை ஆஸ்பத்திரிக்கோ போகலாம். பிள்ளைகள் என்றால் பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

நாயை அடிக்கவோ துரத்தவோ வேண்டாம். 14 நாள் அது உயிரோடு, சுகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செத்துப்போனால் வெறுங்கையால் தொடாமல் உங்கள் பகுதி பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) சொல்லுங்கள், தலையைப் பொரளை எம்.ஆர்.ஐ. எனும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிப்பார்கள். எங்கள் ஒழுங்கை நாயை நான் தினமும் காலையில் பாண் வாங்கப் போகும்போது பார்த்தேன். 14ஆம் நாளும் மதிலோரம் படுத்துக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் இரண்டாவது ஊசி போட்டு 11 நாள் ஆகியிருந்தது.