மீன்தொட்டி கேள்வி பதில்: மணல் போட்டா எந்த ஃபில்டர்?

கேள்வி: 2 அடி தொட்டி ஒண்ணு வாங்கியிருக்கோம் சார். கலர் கல்லு வேணாம், ஆத்து மணல் போட்டு கோரிடோரஸ் (அடியில மேயுற குட்டிக் கெளுத்தி மீன்) 6 விடலாம்னு ஆசை. கடைக்காரர் அண்டர் கிராவல் பிளேட்டே போதும்ங்கிறார், எங்க கொழுந்தனார் கேனிஸ்டர்தான் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். யார் பேச்சைக் கேக்கறது?
- வாசகி, திருச்சி

பதில்: ரெண்டு பேர் பேச்சையும் கேக்க வேணாம் மேடம். அண்டர் கிராவல்ங்கிறது கல்லுக்குன்னே வந்த சாமான். அடியில பிளேட், மேல கல்லு, அந்த இடுக்கு வழியா தண்ணி கீழ இறங்கி குழாய்ல மேல ஏறணும், அப்பதான் அது வேலை செய்யும். மணல்ல இடுக்கு எங்க இருக்கு? பொடி மணலா இருந்தா பிளேட் ஓட்டை வழியா கீழ கொட்டிடும், இல்லேன்னா இறுகிப்போய் தண்ணியே இறங்காது. அப்புறம் மொத்தத்தையும் அள்ளிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அதனால அது வேணவே வேணாம்.

கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளிய டப்பா மாதிரி வச்சு குழாய்ல தண்ணியை இழுத்துத் தள்ளுறது, நல்ல ஃபில்டர்தான், இல்லேங்கல. ஆனா கணக்கைப் பாருங்க, 2 அடி நீளம் 1 அடி அகலம் 1 அடி உயரம்னா முழுசா ரொப்பினாலே 56 லிட்டர்தான், மணலும் மேல விடுற இடமும் போக 45 தேறும். மணிக்கு அதைப் போல நாலஞ்சு மடங்கு, அதாவது 180, 225 லிட்டர் ஓடினா தாராளம். மணிக்கு 1000 லிட்டர் தள்ளுற கேனிஸ்டரைக் கொண்டுவந்து மாட்டினா ஒரு மூலையில மணல் பறந்து கண்ணாடித் தரை தெரியும், இன்னொரு மூலையில மேடு கட்டும். தொட்டி 3 அடி, 4 அடின்னு போகும்போது கொழுந்தனார் சொல்றதைக் கேட்டுக்கலாம்.

உங்களுக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், காத்துக் குமிழி மேல ஏறும்போது தண்ணியை ஸ்பாஞ்ச் வழியா இழுத்து வடிகட்டும். பாக்க அழகா இருக்காது, உண்மைதான், பின்னாடி ரெண்டு செடி வச்சு மறைச்சுக்கோங்க. அதுல தண்ணிக்குள்ள சுத்துற மோட்டாரே கிடையாது, வெளிய இருக்கிற ஏர் பம்ப்ல இருந்து காத்து மட்டும்தான் போகுது, அதனால கோரிடோரஸ் நாள் முழுக்க மூக்கை விட்டுக் கிளறினாலும் (கிளறும், வாயில மணலை அள்ளி செவுள் வழியா விட்டுக்கிட்டேதான் தின்னும், அதுக்குத்தான் மணல் போடறதே) கெட்டுப்போக ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு விஷயம், ஏர் பம்ப்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க. கீழ அலமாரியிலதான் வைக்க முடியும்னா டியூப்ல ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடுற அடைப்பு) போடுங்க, ரொம்ப சல்லிசா கிடைக்கும், அது இல்லாம கரண்ட் போச்சுன்னா தண்ணி டியூப் வழியா திரும்பி வந்து பம்ப்புக்குள்ள இறங்கிடும்.

ஆத்து மணலைக் கலங்கல் போறவரைக்கும் அலசுங்க, காய்ஞ்ச மணல் கொஞ்சம் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்க, நுரைச்சுதுன்னா அதுல கிளிஞ்சல், சுண்ணாம்பு இருக்கு, தண்ணியோட கடினத்தன்மையை ஏத்திவிடும். கடல் மணல் பக்கமே போக வேணாம். ஒன்றரை இஞ்ச் உயரத்துக்கு மேல கொட்டாதீங்க.

அப்புறம், மணல்ல கழிவு உள்ள இறங்காம மேலாக்கவே கிடக்கும். அதைப் பாத்துட்டு ஃபில்டர் சரியில்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, அது சைஃபன் டியூபோட (தண்ணியோட கழிவை உறிஞ்சி வெளிய விடுற குழாய்) வேலை. டியூபை மணல்ல குத்தாம ஒரு இஞ்ச் மேல புடிச்சு மெதுவா வட்டம் போட்டீங்கன்னா கழிவு மட்டும் ஏறும், மணல் கனம்கிறதால கீழயே நின்னுடும்.

கேள்வி: கல்லை எடுத்துட்டு மணல் மாத்தினேன், அதுல இருந்து ஹேங்-ஆன் ஃபில்டர் (தொட்டி விளிம்புல மாட்டுறது) கர்ர்ர்னு கத்துது. புதுசு வாங்கணுமா?
- வாசகர், சேலம்

பதில்: அவசரப்படாதீங்க. பிளக்கைப் புடுங்கிட்டு உள்ள இருக்கிற இம்பெல்லரை (தண்ணியைத் தள்ளுற சின்ன விசிறி) வெளிய எடுங்க. அது அடியில காந்தம் இருக்கும், அதைச் சுத்தி பொடிப்பொடியா கறுப்பா ஒட்டியிருக்கா? ஆத்து மணல்ல மேக்னடைட்னு இரும்புச்சத்துள்ள கறுப்பு மணலும் கலந்திருக்கும், காந்தத்தைக் கண்டா விடாது. பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க, அது சுத்துற குழியையும் துடைங்க. நடுக்கம்பியில கோடு விழுந்திருந்தா இம்பெல்லர் மட்டும் மாத்தினா போதும், முழு ஃபில்டரும் வேணாம். இனிமே மணல் வாங்கினா ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கவர்ல போட்டு மணலுக்குள்ள நாலு தடவை இழுத்துப் பாருங்க, எவ்வளவு கறுப்பு ஒட்டிக்கிட்டு வருதுன்னு நீங்களே அசந்துடுவீங்க.

முக்கியமானது தண்ணி இழுக்கிற குழாய். கல்லு இருந்தப்ப அது தரையைத் தொட்டு நின்னிருக்கும், இப்ப மணல்ல இருந்து 3, 4 இஞ்ச் மேல இருக்கணும். வாயில ஒரு ஸ்பாஞ்ச் மாட்டுங்க, வாரம் ஒருதடவை அலசுங்க. குழாய்த் தண்ணியில வேணாம், அதுல இருக்கிற குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்னுடும், தொட்டியில இருந்து எடுத்த தண்ணியில பக்கெட்ல அமுக்கிப் பிழிஞ்சா போதும். தண்ணி மாத்தறப்ப, மணலைத் தொடுறப்ப எல்லாம் ஃபில்டரை ஆஃப் பண்ணிட்டு, கலங்கல் அடங்கினப்புறம் போடுங்க. கரண்ட் போய் வந்தா தண்ணி விழுதான்னு ஒரு பார்வை பாத்துடுங்க, இழுக்காம வெறுமனே ஓடினாலும் இதே சத்தம்தான் வரும்.

கேள்வி: ராத்திரி ஃபில்டரை ஆஃப் பண்ணலாமா? கரண்ட் பில்லும் பாக்கணும், தூக்கமும் வரணும்.
- வாசகர், மதுரை

பதில்: பண்ணாதீங்க. மீன் விடுற அம்மோனியாவை நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா ஃபில்டருக்குள்ளதான் குடியிருக்கு, அதுக்கு ஆக்ஸிஜனோட தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். செடி வச்சிருந்தா ராத்திரியில அதுவும் ஆக்ஸிஜனை இழுக்கும், நீங்க சரியா அந்த நேரம் பாத்து நிறுத்துறீங்க. பில்லுன்னு பாத்தா 5 வாட் ஏர் பம்ப் மாசம் பூரா ராப்பகலா ஓடினாலும் 3.6 யூனிட்தான். சத்தத்துக்குப் பம்ப்பை ஒரு ஸ்பாஞ்ச் துண்டு மேல வைங்க, சுவத்துல ஒட்டாம பாத்துக்கோங்க, அப்பவும் குமிழி சத்தம் கேட்டா டியூப்ல காத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு இருந்தா அதைக் கொஞ்சமா திருகிக் காத்தைக் குறைச்சுக்கலாம்.